அரக்கன் எப்போது பேச ஆரம்பித்தான்?

கேள்வி, பிப்ரவரி 3

பழைய காவியங்களில் வரும் அரக்கர்கள் எல்லாம் வெறும் தடைக்கற்கள்தானே? நாயகன் வெட்டிச் சாய்க்க ஓர் உடம்பு வேண்டும், அதற்காக வந்து செத்துப் போகிறார்கள். அரக்கனுக்கு மனசு, வலி, பேச்சு எல்லாவற்றையும் கொடுத்தது 1818-இல் ஃபிராங்கன்ஸ்டைன் நாவலை எழுதிய மேரி ஷெல்லிதான். அதற்கு முன்னால் அரக்கன் பக்கம் நின்று எழுதப்பட்ட ஒரு வரியையாவது காட்ட முடியுமா?

பிப்ரவரி 3, இரவு

காட்டுகிறேன். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி, ஒன்பதாம் பாடல்.

ஒற்றைக்கண் பூதமான பாலிஃபீமஸ் நாயகன் ஒடிசியஸையும் அவனுடைய ஆட்கள் பன்னிரண்டு பேரையும் குகைக்குள் அடைத்துவிடுகிறான். வேளைக்கு இரண்டு பேராக ஆறு பேரைத் தின்கிறான். ஒடிசியஸ் மதுவை ஊற்றிக் கொடுத்து, அவன் மயங்கிக் கிடக்கும்போது, தீயில் காய்ச்சிய ஒலிவமரக் கழியைக் கண்ணில் செருகித் திருகுகிறான். விடிந்ததும் ஆடுகளை மேயவிட வேண்டும். குருடாகிப்போன பூதம் வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் முதுகையும் தடவிப் பார்த்து வெளியே விடுகிறான். ஆட்கள் ஆடுகளின் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு தப்புகிறார்கள். கடைசியில் பெரிய கிடா வருகிறது. அதற்கடியில்தான் ஒடிசியஸ்.

அந்தக் கிடாவிடம் பாலிஃபீமஸ் பேசுகிறான். எப்போதும் நீதானே முதலில் போவாய், மேய்ச்சலுக்கும் ஆற்றுக்கும் சாயங்காலம் தொழுவத்துக்கும் நீதானே முன்னால் நடப்பாய், இன்றைக்கு ஏன் கடைசியில் வருகிறாய், உன் எஜமானனுடைய கண்ணை நினைத்து வருத்தப்படுகிறாயா என்று கேட்கிறான். உனக்கு மட்டும் பேச வந்தால் அந்த ஆள் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று என்னிடம் சொல்லிவிடுவாயே என்கிறான்.

இதை என் மகளுக்கு வாசித்துக் காட்டியபோது ஒடிசியஸ் தப்பித்தானா என்று அவள் கேட்கவில்லை. "அந்தக் கிடா திரும்பி வருமா?" என்றுதான் கேட்டாள். வராது. பக்கத்துத் தீவில் கரையேறியதும் ஒடிசியஸ் அதை தேவர்களின் தலைவன் ஸியூஸுக்குப் பலி கொடுக்கிறான். அந்தப் பலியை ஸியூஸ் பொருட்படுத்தவில்லை என்று அந்தப் பாட்டிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 4

"ஆறு பேரைத் தின்றவனுக்குப் பரிதாபமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், தின்றான். ஹோமர் அதை மறைக்கவே இல்லை. எலும்பு, மஜ்ஜை, குடல் எதையும் மிச்சம் வைக்காமல் சிங்கம் மாதிரித் தின்றான் என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் கிடாவை அவன் பக்கம் அனுப்புகிறார். அந்த வரிசை எனக்கு முக்கியம். அவன் தின்னாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சில் இவ்வளவு கனம் இருந்திருக்காது.

பிப்ரவரி 5

கிரேக்கர்களுக்கும் முன்னால், இன்றைய ஈராக்கில் பிறந்த ஒரு காவியத்துக்குப் போகலாம். கில்காமேஷ்.

தேவதாரு வனத்தின் காவலன் ஹும்பாபா. அவன் குரல் வெள்ளம், வாய் நெருப்பு, மூச்சு மரணம். அவனைக் காவலுக்கு வைத்தது என்லில் என்ற பெரிய தெய்வம். நாயகன் கில்காமேஷும் நண்பன் என்கிடுவும் புகழுக்காகவும் மரத்துக்காகவும் அங்கே போகிறார்கள். பிடிபட்டதும் ஹும்பாபா உயிர்ப்பிச்சை கேட்கிறான். கில்காமேஷ் தயங்குகிறான். கொல் கொல் என்று அவசரப்படுத்துவது என்கிடு.

சுமேரிய மொழியில் இதே கதைக்கு இன்னும் பழைய வடிவம் ஒன்று உண்டு. அதில் ஹுவாவா (அங்கே அவன் பெயர் அது) சூரிய தெய்வத்தை நோக்கிச் சொல்கிறான்: என்னைப் பெற்ற தாயை நான் அறியேன், வளர்த்த தந்தையை அறியேன், மலையில் பிறந்தேன், நீதான் என்னை வளர்த்தாய். கில்காமேஷுக்கு மனம் இளகிவிடுகிறது. பிடிபட்ட பறவை கூட்டுக்குப் போகட்டும் என்கிறான். என்கிடு ஒப்புக்கொள்ளாமல் கழுத்தை அறுத்துவிடுகிறான். தலையை என்லிலிடம் கொண்டுபோய் வைத்தால் அவர் கோபப்படுகிறார். அவனை உங்கள் எதிரில் உட்காரவைத்து, நீங்கள் தின்னும் ரொட்டியைக் கொடுத்து, குடிக்கும் தண்ணீரைக் கொடுத்திருக்க வேண்டாமா என்கிறார்.

இப்போது உங்கள் 1818-க்கு வாருங்கள். ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய அந்த உயிர் வைக்கும் முறையீடுகளில் ஒன்று என்ன? என் குழந்தைப் பருவத்தைப் பார்த்துக்கொண்ட தகப்பன் இல்லை, சிரித்துக் கொஞ்சிய தாய் இல்லை என்பது. ஹுவாவா சொன்னது அப்படியே. மேரி ஷெல்லிக்கு ஹுவாவா கதை எழுதப்பட்டிருந்த களிமண் பலகைகளைப் பற்றித் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆப்பு வடிவ எழுத்தை அறிஞர்கள் படிக்கப் பழகியது அவர் நாவல் வந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே முறையீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இதை முதலில் கவனித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 5, பின்னர்

ஹும்பாபா பற்றி இன்னொன்று. ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் 2011-இல் ஒரு பலகையை வாங்கியது. ஃபாரூக் அல்-ராவியும் ஆண்ட்ரூ ஜார்ஜும் அதைப் படித்து வெளியிட்டார்கள். காவியத்தின் ஐந்தாம் பலகையில் இதுவரை கிடைக்காமலிருந்த வரிகள் அதில் இருந்தன. பறவைகளும் சில்வண்டுகளும் குரங்குகளும் எழுப்பும் சத்தம் அந்த வனத்தில் இடைவிடாமல் கேட்கிறது, ஹும்பாபாவுக்கு நடக்கும் அரண்மனைக் கச்சேரியாக. அவனைக் கொன்று மரங்களை வெட்டிய பிறகு, காட்டைப் பாழாக்கிவிட்டோமே, என்லிலுக்கு என்ன பதில் சொல்வோம் என்று கேட்பவன், கொல்லச் சொன்ன அதே என்கிடு.

அரக்கன் என்று நினைத்துப் போனார்கள், அங்கே இருந்தவன் சங்கீதம் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அரசன்.

பிப்ரவரி 7

பெயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் வாதத்துக்குக் கிடைக்கக்கூடிய நல்ல சாட்சி அதில் வரும் அரக்கன் கிரெண்டல்தான், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 3182 வரிக் கவிதையில் அவன் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அவன் அம்மாவும் பேசுவதில்லை. கடைசியில் வரும் டிராகனும் பேசுவதில்லை. எல்லோரும் மணிக்கணக்காகப் பேசும் கவிதை அது. கரைக்காவலன் பேசுகிறான், அரசன் பேசுகிறான், பெயோவுல்ஃப் ஓயாமல் பேசுகிறான். அரக்கர்களுக்கு மட்டும் வாய் இல்லை.

ஆனால் காது இருக்கிறது. டேனிய அரசன் ஹ்ரோத்கார் ஹெயோரோட் என்ற மண்டபத்தைக் கட்டுகிறான். தினமும் விருந்து, யாழ், பாட்டு. உலகம் படைக்கப்பட்ட கதையைப் பாடகன் பாடுகிறான். அந்தச் சந்தோஷச் சத்தத்தைத் தாங்க முடியாமல் வெளியே இருட்டில் ஒருவன் வேதனைப்படுகிறான். கவிதைக்குள் கிரெண்டல் நுழைவது இப்படித்தான், பாட்டைக் கேட்பவனாக. அவன் பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் வம்சம், விரட்டப்பட்டவன் என்பதெல்லாம் அப்புறம் வருகிறது.

அவன் ஏன் பேசுவதில்லை என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. அந்தச் சமூகத்தில் கொலைக்கு விலை இருந்தது. கொன்றவன் செத்தவனின் உறவினர்களுக்குப் பொன் கொடுத்துப் பகையை முடித்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். கிரெண்டல் எந்த டேனியனோடும் சமாதானத்துக்கு வரமாட்டான், ஈட்டுத்தொகை கொடுக்கமாட்டான், அவனிடமிருந்து யாரும் அதை எதிர்பார்க்கவும் முடியாது என்று கவிஞர் இதற்காகவே சில வரிகளை ஒதுக்குகிறார். முதல் இரவில் முப்பது வீரர்களைத் தூக்கிப்போனவன் அவன், பன்னிரண்டு ஆண்டுகள் விடாமல் வந்தவன். பல்லும் நகமும் பயம்தான். ஆனால் இவனோடு பேசி எதையும் தீர்க்க முடியாது என்ற நிலை அந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய பயம். அவன் மௌனம் அவர்களுடைய சட்டத்துக்கு வெளியே இருக்கிறது.

அப்புறம் அந்த அலறல். பெயோவுல்ஃப் அவன் கையைப் பிய்க்கும்போது கிரெண்டல் அலறுகிறான். வெளியே நின்ற டேனியர்கள் கேட்டு நடுங்குகிறார்கள். கவிஞர் அந்த அலறலைப் பாட்டு என்கிறார், வெற்றியில்லாத பாட்டு. முதலில் மண்டபத்துப் பாட்டைக் கேட்டு வேதனைப்பட்டவன், கடைசியில் அதே மண்டபத்துக்குள் தன் ஒரே பாட்டைப் பாடிவிட்டு, சாகிறதற்குச் சதுப்புநிலத்துக்கு ஓடுகிறான். பேச்சு கொடுக்காத கவிஞர் பாட்டைக் கொடுத்திருக்கிறார். இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியாது.

பிப்ரவரி 8

கிரெண்டலின் அம்மா பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மகன் செத்த மறுநாள் இரவு வருகிறாள். ஒரே ஓர் ஆளைத் தூக்குகிறாள்: ஹ்ரோத்காருக்கு நெருக்கமான ஆலோசகன் எஷ்ஷெரே. மகனுடைய கையையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். மண்டபத்தில் அந்தக் கையை வெற்றிச் சின்னமாகக் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

கணக்குப் பாருங்கள். ஓர் உயிருக்கு ஓர் உயிர். அந்தச் சமூகத்தின் பழிவாங்கும் முறையில் இதைவிட ஒழுங்காக ஒரு தாய் நடந்துகொள்ள முடியாது. அன்று நடந்த வெற்றி விருந்தில்தான் பாடகன் ஃபின்ஸ்பர்க் சண்டையைப் பாடியிருந்தான். அதில் ஹில்டெபுர் என்ற அரசி தன் மகனையும் சகோதரனையும் ஒரே சிதையில் ஏற்றுகிறாள். அவளுக்காக மண்டபமே உருகிக் கேட்கிறது. அன்றிரவே இன்னொரு தாய் வருகிறாள், அவளுக்காக உருக ஆளில்லை. இரண்டு தாய்களையும் அடுத்தடுத்து வைத்தது கவிஞர்தான். நான் இல்லாததைப் புகுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அந்த இரு பகுதிகளையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 8, இரவு

பெயோவுல்ஃபின் மூலப்பிரதி பற்றிக் கேட்டவருக்கு: ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, சுமார் 1000-ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. 1731-இல் லண்டனில் ஒரு தீவிபத்தில் ஓரங்கள் கருகின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதே கட்டுக்குள், கிழக்கு நாடுகளில் இருப்பதாக நம்பப்பட்ட விநோத உயிர்களைப் பற்றிய படங்களோடு கூடிய நூலும் சேர்ந்திருக்கிறது. ஆக, தொகுத்தவருக்கும் அரக்கர்கள் மேல் ஈடுபாடு இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் சிலர் சொல்கிறார்கள். வெகுகாலம் ஆய்வாளர்கள் இந்தக் கவிதையில் சரித்திரத் தகவலைத் தேடினார்கள். அரக்கர்களைச் சிறுபிள்ளைக் கதை என்று ஓரமாக வைத்தார்கள். அந்த அரக்கர்கள்தான் கவிதையின் மையம் என்று டோல்கியன் 1936-இல் ஆற்றிய சொற்பொழிவுக்குப் பிறகுதான் நிலைமை மாறியது.

பிப்ரவரி 10

"பேசாத அரக்கன்தான் அதிகம் பயமுறுத்துவான், பேச ஆரம்பித்தால் பயம் போய்விடும்" என்ற கருத்துக்கு.

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒடிசியிலேயே பன்னிரண்டாம் பாடலில் ஸ்கில்லா வருகிறாள். ஆறு கழுத்து, பன்னிரண்டு கால், மலைக்குகையில் பாதி உடம்பு. அவள் குரல் பிறந்த நாய்க்குட்டியின் குரல் அளவுதான் என்கிறாள் சூனியக்காரி சர்ஸி. இதைவிடக் கோரமான ஒரு விவரத்தை நான் எந்தத் திகில் நாவலிலும் படித்ததில்லை. அவளோடு சண்டை போடாதே, வேகமாகத் துடுப்புப் போட்டு ஓடு, ஆறு பேர் போவார்கள் என்றுதான் சர்ஸி யோசனை சொல்கிறாள். அப்படியே போகிறார்கள். தூக்கப்பட்டவர்கள் மேலேயிருந்து ஒடிசியஸின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். கடலில் தான் கண்டதிலேயே பரிதாபமானது அதுதான் என்கிறான் அவன்.

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் லூசிஃபரும் (சாத்தான்) பேசுவதில்லை. நரகத்தின் அடியில் பனிக்கட்டியில் மார்புவரை புதைந்து, மூன்று வாய்களில் யூதாஸ், புரூட்டஸ், காசியஸ் மூவரையும் மென்றுகொண்டு, ஆறு கண்களாலும் அழுகிறான். மூன்று வாய் இருந்தும் ஒன்றில்கூடச் சொல் இல்லை.

மறுபாதியை ஒப்புக்கொள்ளவில்லை. ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்துச் சாத்தான் (1667) பேசிக்கொண்டே இருக்கிறான், அதனால்தான் அவன் ஆபத்தானவன். அவன் பேசும்போது நாம் தலையாட்டிக்கொண்டு இருப்போம். எங்கே தலையாட்டினோம் என்று பிறகு யோசித்துப் பார்க்கும்போது வரும் பயம் ஸ்கில்லாவிடம் கிடைக்காது.

பிப்ரவரி 13

சரி, ஃபிராங்கன்ஸ்டைன்.

நான் முதலில் பார்த்தது 1931 படத்தைத்தான். போரிஸ் கார்லாஃப், தட்டையான தலை, கனத்த நடை, வாயில் உறுமல் மட்டும். பல ஆண்டுகள் கழித்து நாவலைக் கையில் எடுத்தபோது, நடுவில் அந்த உயிர் உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாகத் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் எனக்கு மூச்சு நின்றது. தெளிவாக, அழகாக, நியாயம் பேசுகிறது. ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்திருந்து, உள்ளே இருக்கும் குடும்பம் பேசுவதைக் கேட்டு மொழி கற்றுக்கொள்கிறது. காட்டில் கிடைத்த பெட்டியிலிருந்து மில்டனையும் புளூடார்க்கையும் கேதேயின் வெர்தரையும் எடுத்துப் படிக்கிறது. மில்டனைப் படித்துவிட்டுத் தன்னை ஆதாமோடு ஒப்பிடுகிறது, அப்புறம் சாத்தானோடு.

குடும்பத்தில் பெரியவருக்குக் கண் தெரியாது. மற்றவர்கள் வெளியே போன நேரம் பார்த்து அவரிடம் போய்ப் பேசுகிறது. அவர் பரிவோடு கேட்கிறார். நாவல் முழுவதிலும் அதை ஒரு மனிதனாக நடத்துபவர் அவர் ஒருவர்தான், ஏனென்றால் அவருக்குக் குரல் மட்டும்தான் போய்ச் சேருகிறது. மகன் உள்ளே வந்ததும் கட்டையை எடுத்து அடிக்கிறான். எதிர்த்து அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. நாவலின் இதயம் இந்த இடம்தான், மின்னலும் ஆய்வகமும் எனக்கு இரண்டாம்பட்சம். (ஆய்வகமே நாவலில் சில வரிகள்தான். மின்னல் அடித்து உயிர் வருவது சினிமாக்காரர்கள் சேர்த்தது.)

அந்தக் குரலை எடுத்துவிட்டது சினிமா மட்டும்தானா? இல்லை. 1823-இலேயே லண்டனில் நாடகம் போட்டுவிட்டார்கள். அதில் அந்த உயிருக்கு வசனமே கிடையாது, நடிகர் டி. பி. குக் சைகையாலேயே நடித்தார். நாடக விளம்பரத்தில் பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. மேரி ஷெல்லி அந்த ஆண்டு ஆகஸ்டில் போய்ப் பார்த்தார், பெயரில்லாத ஒன்றுக்கு அப்படிக் கோடு போட்டது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

நாவல் வந்து ஐந்தே ஆண்டுகளில் வாயைக் கட்டிவிட்டார்கள். ஆக, பழைய காலத்தில் அரக்கன் ஊமை, நவீன காலத்தில் பேசுகிறான் என்ற வரிசை எங்குமே நிற்காது.

பிப்ரவரி 14

சின்னத் திருத்தங்கள், மறுமொழிகளில் வந்தவற்றுக்கு. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது உருவாக்கியவன் பெயர், உருவானதற்குப் பெயரே இல்லை. டிராகுலா நாவலில் சூரிய ஒளி பட்டுச் சாகவில்லை, பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். வெயிலில் கரைவது 1922-இல் வந்த ஜெர்மானிய மௌனப்படம் கொடுத்தது. நாவலில் அவன் சாவது இரண்டு கத்திகளால்: அவனைத் துரத்திவந்த ஹார்க்கரின் குக்ரி, குவின்ஸியின் வேட்டைக் கத்தி. பலரும் நினைக்கும் மரக்கழி அவனுக்கு இறங்கவே இல்லை, அது அவன் ரத்தக்காட்டேரியாக்கிய லூசிக்கு.

பிப்ரவரி 17

டிராகுலா (1897) பற்றி நீளமாக எழுதச் சொன்னீர்கள். எனக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் பெரியது: காகிதம்.

நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி, மெழுகு உருளையில் பதிந்த குரல். எல்லோரும் எழுதுகிறார்கள். டிராகுலா மட்டும் எழுதுவதில்லை. ஆரம்பத்தில் ஹார்க்கருக்கு வரவேற்புக் கடிதம் ஒன்று எழுதுகிறான், வேலைக் கடிதங்கள் எழுதுகிறான். ஆனால் தன் பக்கத்தை அவன் சொல்வதற்கு நாவலில் இடமே இல்லை. கோட்டையில் நடக்கும் முதல் நான்கு அத்தியாயங்களில் நன்றாகப் பேசுகிறான். தன் வம்சத்தின் பழைய போர்களைப் பற்றிப் பேசும்போது பெருமையும் துக்கமும் சேர்ந்தே வருகின்றன, நேற்று நடந்ததைப் போலச் சொல்கிறான். இங்கிலாந்துக்குக் கப்பலேறியதும் பேச்சு நின்றுவிடுகிறது. அப்புறம் அவன் குரல் கேட்பதெல்லாம் சில நொடிகள்தான், அதுவும் யாராவது எழுதிவைத்ததன் வழியாக.

இதை மனதில் வைத்துக்கொண்டு கோட்டைப் பகுதியைப் பாருங்கள். ஹார்க்கர் நாட்குறிப்பைச் சுருக்கெழுத்தில் எழுதுகிறான். தான் மணக்கப்போகும் மினாவுக்கு ரகசியமாக அனுப்பப் பார்த்த கடிதமும் சுருக்கெழுத்து. அது டிராகுலா கைக்கு வருகிறது. அவனுக்கு அந்தக் குறிகள் புரியவில்லை. விளக்குத் தீயில் காட்டிக் கொளுத்திவிடுகிறான். நூற்றாண்டுகள் வாழ்ந்த பிரபு, இங்கிலாந்து போவதற்காக ரயில் அட்டவணை வரை படித்து வைத்திருந்தவன், இந்த ஒரு எழுத்தின் முன்னால் தோற்கிறான். பிற்பாடு இங்கிலாந்தில் ஹார்க்கரும் நண்பர்களும் சேர்த்து வைத்த தாள்களையும் மெழுகு உருளைகளையும் தீயில் போடுகிறான். ஆனால் மினா தட்டச்சில் ஒரே நேரத்தில் மூன்று பிரதி எடுத்திருந்தாள், இரும்புப் பெட்டியில் ஒன்று பத்திரமாக இருக்கிறது.

ரத்தத்துக்காக நடப்பதாக நினைக்கும் சண்டை, பாதிக்குமேல் யார் எழுதியது மிஞ்சும் என்பதற்காக நடக்கிறது. கடைசிக் குறிப்பில் ஹார்க்கரே ஒப்புக்கொள்கிறான்: இத்தனை ஆவணத்தில் மூலம் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை, எல்லாம் தட்டச்சுத் தாள்கள், இதை ஆதாரமாக ஏற்கும்படி யாரையும் கேட்க முடியாது என்று. ஸ்டோக்கர் இந்த வரியை அங்கே ஏன் வைத்தார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வென்றவர்கள் எழுதிய சாட்சியம் இது என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.

பிப்ரவரி 20

"நம்ம பக்கம் யாரும் இல்லையா?" என்று கேட்டவருக்கு. இருக்கிறார்கள், ரொம்பவே.

கம்பனின் கும்பகர்ணன். நீர்க்கோலம் போன்ற வாழ்வை நச்சி, என்னை வளர்த்துவிட்டவனுக்கு உயிரைக் கொடுக்காமல் இராமன் பக்கம் போகமாட்டேன் என்று வீடணனிடம் சொல்லிவிட்டுக் களத்துக்குப் போகிறான். சுக்ரீவன் மூக்கையும் காதையும் கடித்துப் பறித்துவிடுகிறான். சாகும் நேரத்தில் இராமனிடம் கேட்கிறான்: மூக்கில்லாத முகம் என்று முனிவர்களும் தேவர்களும் பார்க்காதபடி என் தலையை வெட்டிக் கருங்கடலுக்குள் போக்கிவிடு. அப்படியே நடக்கிறது. அரக்கனுக்கு வெட்கம் உண்டு என்று எழுத ஒரு பெரிய கவிஞன் வேண்டும்.

கலிங்கத்துப்பரணியில் இன்னும் ஒரு படி மேலே. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் நடத்திய உண்மையான போர் அது. அதன் செய்தியைக் காளிக்குக் கொண்டுவந்து சொல்வது ஒரு பேய். பேய்களின் பசி, முறையீடு, களத்தில் கூழ் அடுவது எல்லாம் கவிதையின் பெரும்பகுதி. ஹார்க்கரின் கோஷ்டி டிராகுலாவிடமிருந்து எதைப் பறித்துக்கொண்டதோ, அதை ஜெயங்கொண்டார் பேயிடமே கொடுத்துவிட்டார்.

காரைக்காலம்மையார் இவர்கள் இருவருக்கும் முன்னால். திருவாலங்காட்டுப் பதிகத்தில் சுடுகாட்டுப் பெண்பேயை நரம்பு நரம்பாக வர்ணித்துவிட்டு, முடிவில் பாடியவள் பெயராகக் காரைக்கால் பேய் என்று போடுகிறார். அங்கே வெளியே நின்று பார்ப்பவர் என்று யாருமே இல்லை.

பிப்ரவரி 23

இத்தனையும் எழுதிய பிறகு ஒரு தயக்கம். அரக்கன் பேசுகிறான் என்பதற்காக அவன் பக்கம் நியாயம் என்று ஆகிவிடாது. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் சாகும் தறுவாயில் கப்பல்தலைவன் வால்டனை எச்சரிக்கிறான்: அது நன்றாகப் பேசும், கேட்பவனை வளைத்துவிடும், நம்பாதே. இது நியாயமான எச்சரிக்கை. வில்லியம் என்ற சிறுவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றது அந்த அழகான பேச்சுக்காரன்தான். அந்தப் பழியை அப்பாவியான ஜஸ்டின் மேல் விழவைத்துத் தூக்குக்கு அனுப்பியதும் அவன்தான். தன் கதையைச் சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்கிறான், அப்போதும் நாம் அவனை விட்டு விலகுவதில்லை. நான் விலகவில்லை. அது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

அதனால் என் நிலையை இப்படி வைக்கிறேன். அரக்கன் பேசுகிறானா என்பதைவிட, கதைக்குள் அவனைக் கேட்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பாலிஃபீமஸுக்கு ஒரு கிடா. ஹுவாவாவுக்கு அரை நிமிடம் கில்காமேஷ். குடிசையில் ஒரு குருட்டுப் பெரியவர். கும்பகர்ணனுக்கு இராமன். கிரெண்டலுக்கு யாரும் இல்லை.

மார்ச் 1

ஹைடைப் பேச்சில்லாத அரக்கன் என்று எழுதியவருக்கு. மருத்துவர் ஜெக்கில் மருந்து குடித்து ஹைடாக மாறும், 1886-இல் வந்த ஸ்டீவன்சனின் அந்தச் சிறிய நாவலில் அவனுக்குச் சொந்த வாக்குமூலம் இல்லை, உண்மைதான். பார்த்தவர்கள் யாருக்கும் அவன் முகத்தை விவரிக்கத் தெரியவில்லை, ஏதோ ஊனம் என்கிறார்கள், எது என்று காட்ட முடிவதில்லை. ஜெக்கிலுக்கும் தன் வாக்குமூலத்தில் ஓரிடத்தில் அவனைப் பற்றி எழுதும்போது "நான்" என்று எழுத வரவில்லை, "அவன்" என்றே எழுதுகிறார்.

ஆனால் ஜெக்கிலின் அறையில் அவருடைய வழக்கறிஞர் உட்டர்ஸன் ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறார். ஜெக்கில் மிகவும் மதித்த பக்தி நூல். ஓரங்களில் அவர் கையெழுத்திலேயே தெய்வநிந்தனை எழுதியிருக்கிறது. எழுதியது ஹைட் என்று பிறகு தெரிகிறது. இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே உருமாற்றம் வந்துவிட்டால் அவன் இதைக் கிழித்துப் போட்டுவிடுவான் என்று ஜெக்கில் பயந்து பயந்து எழுதி முடிக்கிறார். டிராகுலா மற்றவர்கள் எழுதியதைக் கொளுத்தத்தான் முடிந்தது. ஹைட் ஓரத்தில் பதில் எழுதுகிறான். என்ன எழுதினான் என்பதில் ஒரு சொல்லைக்கூட ஸ்டீவன்சன் நமக்குக் காட்டவில்லை, எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. அதற்காக அவனை வாயில்லாதவர்கள் வரிசையில் சேர்க்க நான் சம்மதிக்கமாட்டேன். உங்களுக்கு வேறு வாசிப்பு இருந்தால் அந்தக் கடைசி அத்தியாயத்திலிருந்தே எடுத்துக் காட்டுங்கள்.